ஏறாத ஈக்கள்

குழாயை மேசையில் ஒரு தட்டு தட்டினாள் ஆய்வகத் தோழி. உள்ளே இருந்த பழ ஈக்கள் அத்தனையும் அடியில் விழுந்தன.

விழுந்த வேகத்தில் சுவரைப் பிடித்து மேலே ஏறின. தட்டினால் ஏறுவது அவற்றின் இயல்பு.

அடுத்த குழாயைத் தட்டினாள். அதில் பெரும்பாலானவை அடியிலேயே கிடந்தன. ஒன்று மட்டும் பாதி உயரம் போய், கால் தடுமாறி, அங்கேயே நின்றுவிட்டது.

அந்த ஈக்களுக்குள் மனித மரபணு ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். அது உருவாக்கும் புரதம் ஆல்ஃபா சைனூக்ளின். கை நடுங்கி, அசைவு குன்றும் பார்க்கின்சன் நோய் கண்டவர்களின் நரம்புச் செல்களில் கட்டி கட்டியாகத் திரண்டு கிடப்பது இதுதான். ஈக்களுக்கு இயற்கையில் இது கிடையாது. 2000-இல் இதைச் செய்து பார்த்தபோது, வயதாக ஆக ஈக்களின் டோபமைன் செல்கள், அதாவது அசைவுக்கு உதவும் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் மூளைச் செல்கள், அழிந்தன. ஏறும் திறனும் போனது.

என்னை அசைத்தது அதற்கு அடுத்து நடந்தது.

2002-இல் அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் நான்சி போனினியின் குழு, அத்தகைய ஈக்களில் ஹெச்.எஸ்.பி.70 என்ற புரதத்தைக் கூடுதலாக உருவாக வைத்தது. மற்ற புரதங்கள் ஒழுங்காக மடியத் துணை நிற்கும் புரதம் அது.

டோபமைன் செல்கள் பிழைத்துக்கொண்டன. கட்டிகளோ அப்படியே இருந்தன!

கட்டியைக் கரைத்தால்தான் செல் பிழைக்கும் என்றில்லை. எவ்வளவு பெரிய செய்தி இது!

ஈயில் பலித்தது மனிதரிடம் பலிக்க நெடுந்தூரம் உண்டு. நோயின் போக்கையே நிறுத்தும் மருந்து இன்னும் நம் கையில் இல்லை. ஆனால் மனிதருக்குப் பல பத்தாண்டுகளில் வரும் முதுமை ஈக்குச் சில வாரங்களில் வந்துவிடுகிறது. எந்தப் புரதம் காக்கிறது, எது கைவிடுகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்க முடிவது அதனால்தான்.