பனையோலையில் டி.என்.ஏ.: ஆய்வுகூட நாட்குறிப்பு, திருநெல்வேலி, யாழ்ப்பாணம்

யூன் 3, திங்கள்

மூன்றாம் வருடத்தாருக்கு மூலக்கூற்று உயிரியல் செய்முறை புதன்கிழமை தொடங்குகிறது. 24 பேர், 12 குழு. இம்முறை தாவரம் பனை. வாழை இலையில் எங்களுக்கு டி.என்.ஏ. வந்துவிடுகிறது, அதனாலேயே அதில் படிக்க ஒன்றும் மிஞ்சாது.

குருத்தோலைதான் வேண்டும். முற்றிய ஓலையில் நாரும், பழுப்பாக்கும் பொலிபீனோலும் கூடுதல். சீவல் தொழிலாளர் மூலம் ஆண்பனை மூன்றிலும் பெண்பனை மூன்றிலும் எடுத்தாயிற்று. பாளை வந்த மரமாக இருக்க வேண்டும். வடலியைப் பார்த்து ஆணா பெண்ணா என்று ஒருவராலும் சொல்ல முடியாது. ஓலையைச் சிறு துண்டாக நறுக்கி, அதன் எடையைப்போல் 10 மடங்கு சிலிக்கா ஜெல்லோடு மூடி வைத்தோம். ஈரத்தோடு பொலித்தீன் பையில் கிடந்தால் இந்த வெக்கைக்குப் பின்னேரமே பழுப்பாகிவிடும். பழுப்பானதை எறிவதே மேல்.

யூன் 4, செவ்வாய்

கரைசல் நாள். இங்கே எல்லாம் தண்ணீரில்தான் தொடங்குகிறது. கிணற்று நீர் சுண்ணக்கல் வழியே வருவது. வடிகலத்தின் சூடாக்கியில் வெள்ளைப் படை பிடித்திருந்தது. ஐதான அசற்றிக் அமிலம் விட்டு ஊறவைத்துக் கழுவிய பிறகு, இரு தடவை வடித்த நீர் மட்டும்.

கலங்களை உடைத்து டி.என்.ஏ.யை வெளியே எடுக்கும் சி.ரி.ஏ.பி. (ஒரு சவர்க்காரப் பொருள்) கரைசல் 100 மில்லிலீற்றருக்கு: உப்பு 8.18 கிராம், 1 மோலர் திரிசு (பி.எச். 8) 10 மில்லிலீற்றர், 0.5 மோலர் ஈ.டி.ரி.ஏ. (உலோக அயனைப் பிடிப்பது) 4 மில்லிலீற்றர், பி.வி.பி. (பொலிபீனோலைப் பிடிப்பது) 2 கிராம், சி.ரி.ஏ.பி. 2 கிராம். சி.ரி.ஏ.பி.யைக் கடைசியில், 60 பாகையில், மெல்லக் கலக்கிக் கரைக்க வேண்டும். குலுக்கினால் நுரைதான் மிஞ்சும். பீற்றா மேர்க்கப்ரோஎதனோல் மில்லிலீற்றருக்கு 2 மைக்ரோலீற்றர், பயன்படுத்தும் அன்றுதான், புகையறைக்குள்தான்.

ஈ.டி.ரி.ஏ. கரையவில்லை என்று வருடாவருடம் யாராவது போத்தலைக் குறை சொல்வார்கள். 18.6 கிராமை 80 மில்லிலீற்றர் நீரில் போட்டால் சேறாகத்தான் நிற்கும். சோடியம் ஐதரொட்சைட்டு சேர்த்து பி.எச். 8ஐ நெருங்கும்போது தானாகத் தெளியும். பிறகு 100 மில்லிலீற்றராக்கலாம்.

யூன் 5, புதன்

உலர்ந்த ஓலை 20 மில்லிகிராம், உரலில் தூளாகும்வரை. திரவ நைதரசன் இல்லாததற்கு இதுதான் வழி. சூடான கரைசல் 700 மைக்ரோலீற்றர், 60 பாகையில் 45 நிமிடம், 10 நிமிடத்துக்கு ஒருமுறை கவிழ்த்து நிமிர்த்தல். குளோரோபோம்–ஐசோஅமைல் அற்ககோல் (24:1) 600, மையநீக்கியில் 12,000 சுற்றில் 10 நிமிடம். மேற்படை 500ஐ மட்டும் எடுத்து ஐசோபுரொப்பனோல் 330. பேராசையில் 600 எடுத்த குழுவுக்கு இடைப்படைப் புரதமும் சேர்ந்து வந்தது.

ஒரு குழு மையநீக்கியை 4 பாகைக்கு வைத்துவிட்டது. குளிரில் சி.ரி.ஏ.பி.யே வெள்ளையாகப் படிந்துவிடும், அதை டி.என்.ஏ. என்று நம்பிச் சந்தோசப்பட்டார்கள். இந்தக் கட்டத்துக்கு அறை வெப்பநிலைதான் சரி.

70 சதவீத எதனோலில் கழுவி, 10 நிமிடம் காயவிட்டு, 50 மைக்ரோலீற்றர் ரி.ஈ.யில் (திரிசும் ஈ.டி.ரி.ஏ.யும் சேர்ந்த கரைசல்) கரைத்தோம். அதிகம் காய்ந்த படிவு மறுநாளும் கரையாது.

யூன் 6, வியாழன்

டி.என்.ஏ. எவ்வளவு தூய்மை என்று ஒளி உறிஞ்சலில் (அலைநீளம் நனோமீற்றரில்) பார்த்தோம். புரதக் கலப்பைக் காட்டும் 260/280 விகிதம் பெரும்பாலும் 1.7ஐச் சுற்றி. பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் 260/230 விகிதம் 0.6, 2ஐ ஒட்டி இருக்க வேண்டியது. கரைசலுக்கும் தேநீர் நிறம். பல்சக்கரைட்டும் பீனோலும் உள்ளே இருக்கின்றன என்று அர்த்தம். சொல்லாமல் விட்டோம், அவர்களே காணட்டும்.

பி.சி.ஆர். (டி.என்.ஏ. துண்டொன்றைப் பல மடங்கு பிரதி எடுக்கும் முறை) 25 மைக்ரோலீற்றர்: 10 மடங்குத் தாங்கற்கரைசல் 2.5, 25 மில்லிமோலர் மகனீசியம் குளோரைட்டு 1.5, டி.என்.ரி.பி. (டி.என்.ஏ.யின் கட்டுமான அலகுகள்) 0.5, பிரைமர் (பிரதி தொடங்கும் இடத்தில் ஒட்டும் சிறு டி.என்.ஏ.) இரண்டு தலா 1, டாக் பொலிமரேஸ் (பிரதி எடுக்கும் நொதியம்) 0.2, டி.என்.ஏ. 1, நீர் 17.3. 0.2ஐத் தனித்தனியே எடுக்கச் சொல்வது வீண். எல்லாருக்கும் ஒரே பொதுக்கலவை, இரண்டு குழாய்க்குக் கூடுதலாக. இலக்கு, பச்சையவுருமணியின் ஆர்.பி.சி.எல். மரபணுத் துண்டு, ஏறத்தாழ 600 காரச் சோடி. 35 சுற்று. கரண்ட் 20 நிமிடம் போனது, யூ.பி.எஸ். தாங்கியது.

பிரதியைக் கோடாகப் பார்க்க 1.5 சதவீத ஜெல், 75 வோல்ற்று. வாழை டி.என்.ஏ. போட்ட நேர்க்கட்டுப்பாட்டில் (கோடு வந்தே ஆகவேண்டிய குழி) பளிச்சென்று கோடு, நீர் மட்டும் போட்ட குழி சுத்தம், பனை 12 குழியும் வெறும் இருட்டு. “சேர், ஒண்டும் வரேல்லை.” வந்திருக்கிறது: கலவை, இயந்திரம், பிரைமர் மூன்றும் சரி என்ற தகவல்.

யூன் 10, திங்கள்

பனைக் குழிகள் இருட்டானது ஏன்: டி.என்.ஏ. இல்லையா, பி.சி.ஆரைத் தடுக்கும் பொருள் (தடுப்பான்) இருக்கிறதா? பிரித்துக் காட்டும் சோதனை மலிவானது. வாழைக் குழாயில் பனை ஓலை டி.என்.ஏ. கரைசல் 1 மைக்ரோலீற்றர் கூடச் சேர்த்தோம்: வாழைக் கோடும் மறைந்தது. ஆக, தடுப்பான். பனை மாதிரியை 10 மடங்கு ஐதாக்கியபோது மங்கலான கோடு, 50 மடங்கில் தெளிவான கோடு. டி.என்.ஏ.யைக் குறைக்கக் குறைக்கக் கோடு கூடுவதை நம்ப மாணவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. 10 மில்லிகிராம்/மில்லிலீற்றர் பி.எஸ்.ஏ. (மாட்டுக் குருதிப் புரதம்) 1 மைக்ரோலீற்றர் சேர்த்த குழாய், 10 மடங்கிலேயே நன்றாக வந்தது. அந்தப் புரதம் பீனோலைப் பிடித்து வைத்துக்கொள்கிறது.

அறிக்கைக்கான புள்ளியை மாற்றியாயிற்று: கோட்டுக்கு 3, இருட்டு ஜெல்லை விளக்குவதற்கு 7.

யூன் 12, புதன்

திருத்திய பிரித்தெடுப்பு. குளோரோபோம் இரு தடவை. மேற்படையோடு அதன் அரைப்பங்கு 5 மோலர் உப்பு, பிறகு இரு மடங்கு எதனோல். உப்பு கூடினால் பல்சக்கரைட்டு கரைசலிலேயே தங்கிவிடும், டி.என்.ஏ. கீழே வரும். படிவு வெள்ளை. 260/230 விகிதம் 1.8. விளைச்சல் குறைவுதான், கவலையில்லை.

ஆண்பனைக் கோடும் பெண்பனைக் கோடும் ஒரே உயரம். வித்தியாசம் தெரியாதா என்று கேட்டார்கள். பச்சையவுருமணி மரபணு இது பனை என்று மட்டுமே சொல்லும். ஆணா பெண்ணா என்று தெரியக் கலக்கருவின் டி.என்.ஏ.யில் தேட வேண்டும். 10 எழுத்துப் பிரைமரோடு 36 பாகையில் ஓட்டும் முறை மலிவு, ஆனால் இன்றைய கோடு நாளை வராமலும் போகலாம். அதனால் ஒவ்வொரு மரத்தையும் மூன்று தடவை ஓட்ட வேண்டும். வெள்ளிக்கிழமைக்கு 18 குழாய், கட்டுப்பாடு 2, பொதுக்கலவை 22க்கு.