ரேம் போடலாமா, புதுசே வாங்கலாமா?

மியான்மரில், யாங்கூன் நகரத்துத் தாம்வே பகுதியில் வீட்டு முன்னறையில் உட்கார்ந்துதான் என் பிழைப்பு. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பு, கோவில் திருவிழா நோட்டீஸ் என்று தமிழிலும் பர்மியிலும் வடிவமைத்துக் கொடுக்கிறேன். அச்சடிப்பது வேறு இடம். கம்ப்யூட்டர் வேலை முழுக்க என்னுடையது. கம்ப்யூட்டர் 2013-இல் வாங்கியது. மூன்றாம் தலைமுறை இன்டெல் ஐ3, 4 ஜிபி ரேம் (வேலை நடக்கும்போது தகவலை வைத்துக்கொள்ளும் நினைவகம்), 500 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. பன்னிரண்டு வருடம் எங்கள் வீட்டுக்குச் சோறு போட்ட பெட்டி அது.

2025 ஆவணியில் கல்யாண வேலை குவிந்த நேரத்தில்தான் அது தள்ளாட ஆரம்பித்தது. எங்கள் பக்கம் அப்போது கரண்ட் முறை வைத்து வந்தது. நாலு மணி நேரம் இருந்தால் அடுத்த நாலு மணி நேரம் இருக்காது. தெருவில் பிள்ளைகள் "மீ லாபி!" என்று கத்துவார்கள், கரண்ட் வந்தாச்சு என்று. அந்தச் சத்தம் கேட்டதும் ஓடிப்போய் பட்டனைத் தட்டுவேன். டெஸ்க்டாப் வந்து, எழுத்துருக்கள் ஏறி, போட்டோஷாப் திறந்து, முதல் எழுத்தை அடிக்கும்போது பதினோரு நிமிடம் ஆகியிருக்கும். ஒரு நாள் கடிகாரம் வைத்தே பார்த்தேன். எதிரே பெண்ணின் அப்பா பத்திரிகையில் தாத்தா பெயரைத் திருத்தக் காத்துக்கொண்டிருப்பார். நாலு மணி நேரத்தில் பதினோரு நிமிடம் போவது அவருக்கும் வலிக்கும், எனக்கும் வலிக்கும்.

ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். பக்கத்து வீட்டு அண்ணன், "ரேம் போடும்மா, பறக்கும்" என்றார். என் தம்பி மகன் கம்ப்யூட்டர் விஷயத்தில் கெட்டிக்காரன். அவன், "அத்தை, பழசுல காசு போடாதீங்க, புதுசு வாங்குங்க" என்று பிடிவாதமாகச் சொன்னான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த ஆதரவு, அதாவது பாதுகாப்புத் திருத்தங்கள், 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிவதாக அறிவித்திருந்தார்கள். விண்டோஸ் 11 இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ளதை ஏற்பதில்லை. என்னுடையது மூன்றாம் தலைமுறை. எவ்வளவு ரேம் போட்டாலும் அந்தக் கதவு திறக்காது.

ஆனால் என் பெட்டியில் இருப்பது வெறும் மென்பொருள் இல்லை. யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டு முறைக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்கள், அவற்றில் அமைத்த பத்து வருடப் பத்திரிகைகள், பர்மியில் ஸோஜி என்ற பழைய எழுத்துருவில் செய்தவை என்று எல்லாம் கிடக்கின்றன. நாடு 2019 அக்டோபரில் யூனிகோடுக்கு மாறிய பிறகும், "அக்கா, எங்க அண்ணன் கல்யாணத்துக்குப் போட்ட மாதிரியே வேணும்" என்று பழைய கோப்பைத் தேடி வருகிறவர்கள் குறையவில்லை. எல்லாவற்றையும் புது மெஷினுக்கு ஏற்றிச் சரிபார்க்க இரண்டு வாரமாவது வேண்டும். முகூர்த்த மாதத்தில் அது நடக்காது. ஆகவே இந்தப் பெட்டியை இன்னும் ஒன்றரை, இரண்டு வருடம் ஓட்டுவது, அதற்கு எவ்வளவு குறைவாகச் செலவு செய்யலாம் என்று பார்ப்பது. இந்த அளவுக்குத் தெளிந்துகொண்டேன்.

அப்புறம் அதே மருமகன் ஒரு நல்ல காரியம் செய்தான். "வாங்கறதுக்கு முன்னாடி எது குறையுதுன்னு பார்த்திடலாம் அத்தை" என்று எது எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பக்கத்தில் வைத்தான். கரண்ட் வந்து ஆன் செய்த முதல் நிமிடங்களில் ரேம் அறுபது சதவீதத்தைத் தாண்டவில்லை. டிஸ்க் மட்டும் நூறு சதவீதத்தில் முட்டிக்கொண்டு நின்றது. ஆன் ஆகும் தாமதத்துக்கு ரேம் காரணமே இல்லை. அதை என் கண்ணால் பார்த்திராவிட்டால் அண்ணன் பேச்சைக் கேட்டு ரேம் வாங்கி, ஒன்றும் மாறவில்லையே என்று நொந்திருப்பேன்.

வேலை நடக்கும்போது கதை வேறு. போட்டோஷாப்பும் குரோமும் திறந்திருக்கும். வாடிக்கையாளர்கள் வைபரில் படம் அனுப்புவதால் அதுவும் ஓடும். அப்போது ரேம் 94 சதவீதம். ரிசோர்ஸ் மானிட்டரில் 'ஹார்டு ஃபால்ட்ஸ்' என்று ஒரு வரைபடம் உண்டு. தேவைப்படும் தகவல் ரேமில் இல்லாமல் டிஸ்கிலிருந்து எடுத்துவர வேண்டியிருந்தால் அது ஏறும். நான் ஒரு லேயரை, அதாவது படத்தின் ஒரு அடுக்கை, நகர்த்தும்போதெல்லாம் அந்தக் கோடு உச்சிக்குப் போய் நின்றது.

ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏ4 தாளை 300 டிபிஐ-யில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளியில், எடுத்தால் 2480-க்கு 3508 புள்ளி, ஏறக்குறைய 87 லட்சம் புள்ளிகள். அச்சுக்கு நாலு நிறம், நிறத்துக்கு ஒரு பைட். ஒரு முழு லேயருக்கே சுமார் 35 எம்பி. பிள்ளையார், மாவிலைத் தோரணம், பின்னணிப் பட்டு என்று பத்து லேயர் சேர்ந்தால் 350 எம்பி. திருத்தினால் திரும்பப் போக வேண்டும் என்று போட்டோஷாப் பழைய நிலைகளையும் வைத்துக்கொள்ளும். 4 ஜிபியில் கிராஃபிக்ஸுக்கு ஒதுக்கியது போக, விண்டோஸ் தின்றது போக, மிச்சம் எவ்வளவு இருக்கும்? மீதியெல்லாம் ஹார்டு டிஸ்குக்குத்தான் போய்வருகிறது. நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் டிஸ்க் சிதறிக் கிடக்கும் தகவலை நொடிக்கு நூறு தடவை தேடி எடுத்தாலே பெரிது.

ஆக, ஆன் ஆகும்போது டிஸ்க் குறை, வேலை நடக்கும்போது ரேம் குறை. இரண்டில் எதற்கு அதிகக் காசு என்பதில்தான் நான் ரொம்ப நேரம் நின்றேன். என் மதர்போர்டு (எல்லாம் செருகும் முதன்மைப் பலகை) ஏற்பது டிடிஆர்3 என்ற பழைய ரேம் வகை. இன்று விற்கும் புது மெஷின்களில் அது செருகவே செருகாது, கீழே உள்ள வெட்டே வேறு இடத்தில் இருக்கும். இந்தப் பெட்டி போனால் ரேமும் அதோடு போச்சு. ஹார்டு டிஸ்குக்குப் பதிலாக மாட்டும், சுற்றும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி அப்படி இல்லை. சாட்டா என்ற பொதுவான இணைப்பில் ஓடும் சாதாரண எஸ்எஸ்டி என்றால் நாளைக்குக் கழற்றி வேறு மெஷினில் மாட்டலாம். அதனால் புதுக்காசு எஸ்எஸ்டிக்கு. ரேமுக்குப் பழசே போதும், அதுவும் தேவையான அளவு மட்டும் என்று முடிவெடுத்தேன்.

ரேம் வாங்கப்போன இடத்தில் ஒரு தவறு நடந்தது. டவுனில் ஒரு கடையில் 8 ஜிபி டிடிஆர்3 ஒன்று, மற்றதில் பாதி விலைக்கு இருந்தது. "ஸயாமா (டீச்சரம்மா), இதுவும் அதேதான்" என்று கடைக்காரர் சொன்னதை நம்பி எடுத்து வந்தேன். செருகி ஆன் செய்தால் மின்விசிறி சுற்றுகிறது, திரை கறுப்பு. சில நொடியில் தானே அணைந்து மறுபடி சுற்றுகிறது. போர்டே போய்விட்டதோ என்று எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. பழைய ரேமை மாட்டியதும் உயிர் வந்தது. மருமகன் சாயங்காலம் வந்து ஸ்டிக்கரைப் பார்த்தான். ஓரத்தில் பொடி எழுத்தில் ஏ.எம்.டி-க்கு மட்டும் என்று போட்டிருந்தது. உள்ளே சில்லுகளை அடுக்கியிருக்கும் விதமே வேறாம். அந்தக் கால ஏ.எம்.டி போர்டுகள் ஏற்கும், என்னுடையதைப் போன்ற இன்டெல் ஏற்காது. மலிவாக 8 ஜிபி டிடிஆர்3 என்று வருபவற்றில் இது நிறைய உண்டு. வாங்கும் முன் அந்த ஸ்டிக்கரைத் திருப்பித் திருப்பிப் படியுங்கள். கடையில் பணம் திருப்பித் தரவில்லை. அந்தத் தொகைக்கு எஸ்எஸ்டி எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள், எடுத்துக்கொண்டேன்.

ரேம் கடைசியில் கிடைத்தது பிள்ளைகள் தமிழ் வகுப்பிலிருந்து. அங்கே பவர் சப்ளை எரிந்து மூலையில் கிடந்த ஒரு பெட்டியில் 4 ஜிபி ரேம் இருந்தது. வகுப்புக்கு ஆண்டுவிழா அழைப்பிதழ் இலவசமாகச் செய்து தருகிறேன் என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். இந்தத் தடவை சிபியு-இசட் என்ற நிரலில் என் ரேமின் விவரத்தை முதலில் எழுதிக்கொண்டு பொருத்திப் பார்த்தேன். டிடிஆர்3, பிசி3-12800, அதாவது 1600 வேகம், 1.5 வோல்ட். இரண்டிலும் ஒன்றே. என் போர்டில் இருப்பது இரண்டே ஸ்லாட். ஒரே அளவில் இரண்டு ரேம் மாட்டினால் ப்ராசஸர் இரண்டிலும் ஒரே நேரத்தில் எடுத்துப் போடும். இதில் கிராஃபிக்ஸுக்குத் தனி கார்டு இல்லை, அதுவும் ரேமைத்தான் நம்பியிருக்கிறது. அதனால் ஒற்றை 8 ஜிபியை விட 4-ம் 4-ம் எனக்கு நல்லது.

மாட்டிய அன்று நல்ல மழை. பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடிய விட்டு, பெட்டியின் இரும்பைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். வகுப்பிலிருந்து வந்த ரேமின் தங்க நிறப் பற்களில் மங்கலாகப் படலம் ஏறியிருந்தது. இந்த ஊர் ஈரத்துக்கு அது வரும். மகளின் வெள்ளை ரப்பரை எடுத்து, பற்களின் நீளத்துக்கு மெதுவாகத் தேய்த்தேன். ரப்பர் முனை சாம்பல் நிறமானது, பற்கள் பளிச்சென்று வந்தன. துகளை ஊதாமல் காய்ந்த பிரஷால் தட்டினேன், ஊதினால் எச்சில் ஈரம் படும். ஸ்லாட்டின் இரண்டு காதையும் விரித்து, வெட்டைப் பொருத்தி, இரண்டு கட்டை விரலாலும் சமமாக அழுத்தினேன். ஒரு பக்கம் டக், மறு பக்கம் டக். காது தானாக எழுந்து பிடித்துக்கொண்டது. திரையில் 8 ஜிபி என்று வந்தபோது மூச்சு வந்தது.

பழைய ரேமைச் சோதிக்காமல் நம்பக்கூடாது. பழுது இருந்தால் கோப்பு சத்தமில்லாமல் கெடும், கெட்டது அச்சுக்குப் போன பிறகுதான் தெரியும். ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் என்ற ரேம் சோதனை நிரலை ஓடவிடு என்பார்கள். இங்கே ராத்திரி முழுக்க கரண்ட் ஏது? கரண்ட் வந்த முறையில் உடனே ஓடவிட்டு ஒரு முழுச் சுற்று முடித்தேன். மறுநாள் இன்னொரு சுற்று. இரண்டிலும் பிழை இல்லை.

இந்த இடத்தில் எஸ்எஸ்டி மாட்டாமல் ஒரு வாரம் வேண்டுமென்றே காத்திருந்தேன். எது எதைச் செய்கிறது என்று தெரிய வேண்டுமே. ரேம் மட்டும் கூடியபோது ஆன் ஆகும் நேரம் பதினொன்றிலிருந்து பத்து நிமிடத்துக்கு வந்தது, அவ்வளவுதான். ஆனால் வேலைக்குள் போன பிறகு ஹார்டு ஃபால்ட்ஸ் கோடு தரையோடு படுத்துவிட்டது. தோரணத்தைப் பிடித்து இழுத்தால் கையோடு வந்தது. வைபரிலிருந்து படம் எடுக்கப் போய்த் திரும்பினால் போட்டோஷாப் உறைந்து நிற்பது நின்றது.

அடுத்த வாரம் 240 ஜிபி எஸ்எஸ்டி. என் போர்டில் இருப்பது பழைய சாட்டா 2, நொடிக்கு 300 எம்பிக்கு மேல் போகாது. அதனால் வேகத்துக்காக விலை கூடியதை வாங்கவில்லை. பழைய டிஸ்கில் இருந்ததை அப்படியே நகல் எடுக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. கரண்ட் வந்த உடனே தொடங்கி, யுபிஎஸ்ஸில் மாட்டி, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இப்போது "மீ லாபி" கேட்டுப் பட்டனைத் தட்டினால் ஒன்றரை நிமிடத்தில் எழுத்து அடிக்கிறேன். எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது கரண்ட் போகும் நேரம்தான். யுபிஎஸ் பத்து நிமிடம் தாங்கும். முன்பு ஹைபர்னேட் (திறந்த வேலையை டிஸ்கில் எழுதிவிட்டு அணைவது) கொடுத்தால் ஹார்டு டிஸ்க் எழுதி முடிப்பதற்குள் நெஞ்சு அடித்துக்கொள்ளும். இப்போது அரை நிமிடத்துக்குள் அடங்கிவிடுகிறது, திறந்த வேலை திறந்தபடியே மறுமுறை வருகிறது.

"இன்னும் கூட்டி 16 ஆக்கலாமா அத்தை?" என்று மருமகன் கேட்டான். இரண்டு வாரம் உச்சக் கணக்கைக் குறித்துவைத்தேன். கோவில் நோட்டீஸை ஏ3-யில் செய்த நாளில் கூட 6.1 ஜிபிக்கு மேல் போகவில்லை. வேண்டாம் என்றேன், அவனும் ஒத்துக்கொண்டான். விண்டோஸ் 10 ஆதரவு முடிவதால், இணையத்தில் பணம் சம்பந்தப்பட்ட எதையும் இந்த மெஷினில் செய்வதை அக்டோபரோடு நிறுத்திவிட்டேன், அதெல்லாம் போனில்.

பெட்டியை மூடும் முன் மருமகன் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பக்கத் தகட்டின் உட்புறம் ஒட்டினான். டிடிஆர்3, 1600, 1.5 வோல்ட், இன்டெல், இரண்டு ஸ்லாட், 4 + 4. கீழே நான் பேனாவால் சேர்த்தேன்: எஸ்எஸ்டியைக் கழற்றிக்கொள்ளவும்.