தசைக்குள் சர்க்கரை: வகுப்புக்கான குறிப்புகள்

பிப்ரவரி 3

அடுத்த வாரம் முதலாண்டு மாணவர்களுக்குத் தசையும் குளுக்கோசும் நடத்த வேண்டும். பாடநூலில் மறுபடியும் அதே படம்: செல் பூட்டிய வீடு, இன்சுலின் சாவி. அதைக் காட்டப்போவதில்லை. கதவே சுவரில் இல்லாதபோது சாவிக்கு என்ன வேலை? ஓய்வில் இருக்கும் தசையில், குளுக்கோசை உள்ளே விடும் குளுட்-4 புரதத்தில் பெரும்பகுதி செல்லுக்குள்ளேயே நுண்பைகளில் அடைந்து கிடக்கிறது. அதைச் செல்லின் வெளிச்சவ்வுக்கு வரவழைப்பதுதான் இன்சுலினின் வேலை.

பிப்ரவரி 5

இன்சுலின் வந்ததும் ஒன்றையடுத்து ஒன்றாகத் தூண்டப்படும் புரதங்களின் வரிசையைப் பலகையில் எழுதிப் பார்த்தேன்: இன்சுலின் ஏற்பி, ஐஆர்எஸ்-1, பிஐ3 கைனேஸ், ஏகேடி. ஏகேடி, டிபிசி1டி4 என்ற புரதத்தில் பாஸ்பேட்டை ஏற்றுகிறது. பைகளை நகரவிடாமல் பிடித்து வைத்திருப்பது இந்த டிபிசி1டி4தான். பாஸ்பேட் ஏறியதும் பிடி தளர்கிறது. உள்ளே வரும் குளுக்கோசை ஹெக்சோகைனேஸ் என்ற நொதி உடனே குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டாக மாற்றிவிடுகிறது. அதை மீண்டும் குளுக்கோசாக்கும் நொதி தசையில் இல்லை. கல்லீரலைப் போல ரத்தத்துக்குத் திருப்பிக் கொடுக்கும் தாராளம் தசைக்குக் கிடையாது.

பிப்ரவரி 6

குதிரையைச் சேர்த்தே ஆக வேண்டும். 1887இல் ஷோவோ, காஃப்மன் என்ற பிரெஞ்சு ஆய்வாளர்கள் குதிரையின் தாடைத் தசையிலிருந்து வெளியேறும் ரத்தத்தைச் சோதித்தார்கள். குதிரை காய்ந்த புல்லை மெல்லும்போது தசை இழுத்துக்கொள்ளும் குளுக்கோஸ் கூடியது. இன்சுலின் கண்டறியப்பட்டது 1921இல்தான்!

பிப்ரவரி 9

நாம் ஓடும்போது ரத்தத்தில் இன்சுலின் குறைகிறது. தசைக்குள் போகும் குளுக்கோசோ பல மடங்கு கூடுகிறது. இந்த முரணைத்தான் வகுப்பின் மையமாக வைக்கப்போகிறேன். 1995இல் எலித் தசையில் செய்த சோதனை இதைத் தெளிவாக்குகிறது. பிஐ3 கைனேஸைத் தடுக்கும் ‘வோர்ட்மேனின்’ என்ற வேதிப்பொருளைக் கொடுத்ததும் இன்சுலினின் விளைவு நின்றது. தசையைச் சுருங்க வைத்தபோது மட்டும் குளுக்கோஸ் வழக்கம்போல உள்ளே போயிற்று. சுருங்கும் தசைக்குத் தனிப்பாதை உண்டு: கால்சியம், செல்லில் ஆற்றல் குறைவதை உணரும் ஏஎம்பிகே நொதி, இழுவிசை, ராக்1 என்ற சமிக்ஞைப் புரதம். யாருக்கு எவ்வளவு பங்கு என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் வாக்குவாதம்தான். தசைக்குப் பாயும் ரத்தம் பெருகுவதையும் மறக்கக் கூடாது. பாடநூல்கள் அதை அரைவரியில் முடித்துவிடுகின்றன.

பிப்ரவரி 11

வகுப்பு முடிந்தது. முன்வரிசைப் பெண் ஒருத்தி கேட்டாள்: “இரண்டாம் வகை நீரிழிவுக்காரர்களுக்கு அந்தத் தனிப்பாதையும் கெட்டுப்போயிருக்குமா, சார்?” பெரும்பாலும் இல்லை என்றேன். கோபன்ஹேகனில் ஒற்றைக் காலுக்கு மட்டும் பயிற்சி கொடுத்துச் செய்த ஆய்வையும் சொன்னேன். சில மணி நேரம் கழித்து இரு கால்களுக்கும் போவது ஒரே ரத்தம், ஒரே அளவு இன்சுலின். ஆனாலும் உழைத்த கால் கூடுதல் குளுக்கோசை எடுத்துக்கொண்டது. இன்சுலின் ஊசி போடுபவர்களுக்கு விளையாடிய பிறகும் சர்க்கரை தாழ்ந்துபோகலாம் என்று எச்சரிப்பது இதனால்தான்.

பிப்ரவரி 12

அவளுக்குப் படிக்கக் கொடுக்க, 2014இல் வெளிவந்த கிரீன்லாந்து இனூயிட் மக்கள் பற்றிய ஆய்வை எடுத்து வைத்திருக்கிறேன். அவர்களில் சுமார் 4 சதவீதம் பேருக்கு டிபிசி1டி4 மரபணுவின் இரு பிரதிகளிலும் ஒரே பிழை. நீரிழிவு அபாயம் ஏறக்குறைய பத்து மடங்கு. தடுக்கும் புரதம் இல்லையென்றால் சர்க்கரை தாராளமாக உள்ளே போக வேண்டுமே என்று அவள் கட்டாயம் கேட்பாள். அந்தப் புரதம் இல்லாத தசையில் குளுட்-4 அளவே குறைந்துவிடுகிறது. அதனால் இன்சுலின் அழைத்தாலும் சவ்வுக்கு வரப் போதிய குளுட்-4 இருக்காது. வெறும் வயிற்றில் பார்க்கும் சர்க்கரை பல நேரம் சரியாகவே இருக்கும். குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால்தான் ஏறியிருப்பது தெரியும்.