மட்டப்பா வீடும் தாத்தா பெயரில் இருந்த மின் இணைப்பும்

பழைய வீட்டில் மின்செலவைக் குறைக்க நினைப்பவர்கள் விசிறியையும் விளக்கையும் மாற்றுவதற்கு முன்பு, மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது. அம்பாசமுத்திரம் பக்கத்தில் இருக்கும் எங்கள் பூர்வீக வீட்டின் இணைப்பு, காலமாகிப் பல ஆண்டுகளான தாத்தாவின் பெயரிலேயே இருந்தது. கட்டணம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்ததால் எவரும் எதுவும் கேட்கவில்லை. வீட்டு மாடியில் சூரிய மின்பேனல் பொருத்த மானியம் தரும், 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில், 3 கிலோவாட் அமைப்புக்குரிய 78,000 ரூபாய் மானியம் இணைப்புதாரரின் வங்கிக் கணக்குக்குத்தான் வரும் என்பதால், பெயர் மாற்றம் முடியாமல் ஓரடியும் நகர முடியவில்லை.

"வாரிசுச் சான்றிதழ் கொண்டு வாங்க சார்" என்றார் மின்வாரிய அலுவலக எழுத்தர். தாலுகா அலுவலகத்தில் காத்திருந்து அதை வாங்கிக்கொண்டு போனால், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் எங்கே என்றார். மும்பையில் இருக்கும் அத்தையிடமிருந்து அது தபாலில் வந்து சேர்ந்த பிறகு, வீட்டுத் தீர்வை ரசீதும் தாத்தா பெயரில்தானே இருக்கிறது, முதலில் அதை மாற்றுங்கள் என்றார். இந்த மூன்றையும் முதல் நாளே ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்திருந்தால் அவருக்கு இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது என்ற ஆற்றாமை எனக்கு இன்னும் தீரவில்லை. இறப்புச் சான்றிதழ், பத்திரம், ஆதார், தீர்வை ரசீது ஆகிய எல்லாவற்றிலும் தலைப்பெழுத்து ஒன்றுபோல் இருக்கிறதா என்பதையும் வீட்டிலேயே ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

காகிதங்கள் அலைந்துகொண்டிருந்த காலத்தில் மேல்தளத்தைக் கவனித்தோம். தேக்கு உத்திரத்தின் மேல் கட்டைகளை அடுக்கி, செங்கல்லைக் குத்துவாட்டில் சுண்ணாம்புச் சாந்தில் பதித்து, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, தட்டோடு பாவிய மட்டப்பா அது. எந்தக் காலத்திலோ ஒழுகலை நிறுத்துவதற்காக அதன் மேல் சிமெண்ட் பூசியிருந்தார்கள். வெயிலில் விரிந்து வெடித்த அந்தப் பூச்சின் வழியே நீர் இறங்கி, வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிவிட்டதால், 2023 டிசம்பர் பெருமழையில் பட்டாசாலை (கூடம்) முழுவதும் சொட்டியது. ஒப்பந்தக்காரர் ஒருவர், இதை இடித்துவிட்டுக் கான்கிரீட் போட்டால் ஒரேயடியாக முடிந்துவிடும் என்றார். பகலில் வாங்கிய சூட்டை இரவெல்லாம் வீட்டுக்குள் இறக்கும் கான்கிரீட் தளத்தைப் போட்டுவிட்டு, அதைத் தணிக்க ஏசி வாங்குவதா மின்சிக்கனம்? வயதான கொத்தனார் ஒருவர்தான், "சிமெண்ட்ட மொதல்ல எடுத்துருவோம் அண்ணாச்சி, அப்பத்தான் கட்டை மூச்சு விடும்" என்றார். சுரண்டி எடுத்து, கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டியும் சேர்த்த சுண்ணாம்புச் சாந்தால் வெடிப்புகளை அடைத்து, மேலே வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தோம். கோடையில் மாடி அறையில் இரவு படுக்க முடிகிறது என்பதே எனக்குப் போதுமான சான்று. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைத்தால் கூலியில் பேரம் பேசாதீர்கள், அவர்கள் அருகிவிட்டார்கள்.

எழுபத்தைந்து வாட் விசிறிகளை எடுத்துவிட்டு முப்பது வாட் அளவில் ஓடும் பிஎல்டிசி (பிரஷ் இல்லாத மோட்டார்) விசிறிகளை மாட்டியதும், பழைய வயரிங்கை மாற்றியதும் சிக்கலின்றி முடிந்தன.

பெயர் மாற்றம் கைக்கு வந்த பின் பேனல் பொருத்த வந்தவர்கள், மட்டப்பாவில் துளை போட்டு போல்ட் இறக்கப் பார்த்தார்கள். நான் சம்மதிக்கவில்லை. சுண்ணாம்புத் தளத்தில் துளையிட்டால், அடைத்த ஒழுகலை நாமே திறந்துவிடுவதாகும். ஆனி, ஆடிக் காற்றுக்கு அந்தப் பிடிமானமும் போதாது. கனத்த வெளிச்சுவர்களின் மேல் இரும்புச் சட்டத்தை ஊன்றி அதில் பேனல்களை நிறுத்தச் சொன்னேன். அதற்கான கூடுதல் செலவு மானியத்தில் சேராது என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். உள்நாட்டில் செய்த செல்களால் ஆன பேனல்களுக்கு மட்டுமே மானியம் உண்டு. விலை குறைவு என்று வேறு பேனலைக் காட்டினால், விலைப்பட்டியலில் அந்த விவரத்தை எழுதித் தரச் சொல்லுங்கள், பேச்சு அடங்கிவிடும்.

நாம் எடுக்கும் மின்சாரத்தையும் திருப்பி அனுப்பும் மின்சாரத்தையும் அளக்கும் இருவழி மீட்டர் வந்து, மானியமும் கணக்கில் ஏறிவிட்டது. நல்ல வெயில் நாளில் பன்னிரண்டு யூனிட் வரை கிடைக்கிறது. உடன்பிறந்தார் பல ஊர்களில் சிதறியிருக்கும் குடும்பத்தினர், கோயில் கொடைவிழாவுக்கு எல்லோரும் ஊரில் கூடும்போதே சம்மதக் கடிதத்தில் கையெழுத்தும் சாட்சிக் கையெழுத்தும் வாங்கி வைத்துவிடுங்கள். மும்பைக் கடிதம் சாட்சியில்லாமல் வந்து, திரும்பப் போய், மறுபடி வந்தது.