வத்தலா வடகமா: வெண்பா எழுதிப் பார்த்தேன்

இத்தனை நாள் புதுக்கவிதையாக எழுதித் தள்ளிய கை, மூன்று வாரமாகத் திருக்குறளின் ஈரடி வடிவமான குறள் வெண்பாவோடு மல்லுக்கட்டுகிறது. முதல் வாரம் சொற்களை அசை அசையாகப் பிரிப்பதிலேயே போனது. பேருந்தில் உட்கார்ந்து கடைப் பலகைகளை நேர் ('மா', 'கள்' போன்ற அசை), நிரை ('வட', 'தினம்' போன்ற அசை) என்று விரல் மடக்கிப் பிரித்தேன். பக்கத்தில் இருந்தவர் ஒரு மாதிரிப் பார்த்தார். யாப்பிலக்கண நூலான காரிகை கற்றுக் கவிபாடுவதைவிடப் பேரிகை கொட்டிப் பிழைக்கலாம் என்று சும்மாவா சொன்னார்கள்!

அசைகள் சேர்ந்தால் சீர். நேரில் முடியும் ஈரசைச் சீர் மா, நிரையில் முடிவது விளம்; நேரில் முடியும் மூவசைச் சீர் காய், நிரையில் முடிவது கனி. ஒரு சீரை அடுத்து வரும் சீர் எப்படித் தொடங்கவேண்டும் என்பதுதான் தளை: மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர். கனிச்சீர் கூடாது. கடைசிச் சீர் நாள் (நேர்), மலர் (நிரை), காசு (நேர்+உகரம்), பிறப்பு (நிரை+உகரம்) என்ற நான்கில் ஒன்று. இவ்வளவுதான் விதி. இரண்டாம் வாரம் எழுதியது இது:

மாடியில் காயும் வத்தலைக் காகங்கள்
தேடியே உண்ணும் தினமும்

ஈறு தப்பு. 'தினமும்' புளிமா (நிரை-நேர்) ஆகிவிட்டது. 'உம்'மை வெட்டியதும் 'தினம்' மலராகிவிட்டது. தளைதான் படுத்தியது. 'காயும்' தேமா (நேர்-நேர்), அடுத்து நிரை வரவேண்டும். 'வத்தலை' நேரில் தொடங்குகிறது. வத்தலைத் தூக்கிவிட்டு 'வடகத்தைக்' என்று போட்டேன். யாப்பு பார்த்துச் சொல்லும் 'அவலோகிதம்' மென்பொருளில் தட்டிப் பார்த்தால் குறள் வெண்பாதான்.

ஆனால் மாடியில் பாட்டி காயப்போட்டது சுண்டைக்காய் வத்தல். தளைக்காகப் பொய் சொன்னது உறுத்திக்கொண்டே இருந்தது. இரண்டு நாள் கழித்துப் பல் தேய்க்கும்போது சட்டென்று பிடிபட்டது: மாற்ற வேண்டியது வத்தலை அல்ல, அதற்கு முந்தைய சொல்லை.

மாடியில் காய்கின்ற வத்தலைக் காகங்கள்
தேடியே உண்ணும் தினம்

'காய்கின்ற' தேமாங்காய் (நேர்-நேர்-நேர்), காய்முன் நேர், வத்தல் ஜம்மென்று உட்கார்ந்துகொண்டது. மா-வ மோனையும் கெடவில்லை. 'தேடியே'யில் உள்ள ஏகாரம் வெறும் முட்டுக்கொடுப்பு என்று தெரியும். இப்போதைக்கு இருக்கட்டும்.

இந்த வாரம் இதையே நான்கடி நேரிசை வெண்பாவாக நீட்டுகிறேன். 'தினம்' என்பதைத் 'தினந்தோறும்' ஆக்கி, இரண்டாம் அடியின் கடைசியில் வரவேண்டிய தனிச்சொல்லாக 'ஓடி' வைத்தேன். மாடி, தேடியோடு எதுகை பொருந்துகிறது. மூன்றாம் அடி 'விரட்டிய பாட்டி' என்று தொடங்கி நிற்கிறது. பாட்டி தேமா, அடுத்த சொல் நிரையில் தொடங்கவேண்டும். 'தடியோடு' என்றால் கச்சிதமாக விழும்.

பாட்டி கையில் இருப்பதோ குச்சி.