அடுத்த சனி

2003 பிப்ரவரி முதல் நாள் சீனப் புத்தாண்டு. பினாங்கில் எங்கள் அடுக்குமாடியைச் சுற்றித் தடையாவது ஒன்றாவது என்று பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தது. இரவு பத்து மணிக்கு மேல் தொலைக்காட்சியில் செய்தி வந்தது. தரையிறங்கப் பதினாறு நிமிடமே இருந்தபோது கொலம்பியா விண்ணோடம் சிதறி, ஏழு பேரும் இறந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவரான, இந்தியாவில் பிறந்த கல்பனா சாவ்லா என்ற பெயரை எங்கள் வீட்டில் அன்றுதான் முதன்முதலாகச் சொன்னோம்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. மூன்றாம் படிவத் தமிழ் வகுப்பில் டீச்சர் அஞ்சலி உரை எதுவும் நிகழ்த்தவில்லை. கல்பனாவின் வாழ்க்கையிலிருந்து ஐந்து ஆண்டுகளைக் கரும்பலகையில் எழுதினார். 1982 சண்டிகரில் பொறியியல் பட்டம், 1984 டெக்சஸில் முதுகலை, 1988 கொலராடோவில் முனைவர், 1994 நாசா விண்வெளி வீரராகத் தேர்வு, 1997 முதல் பயணம். “கடைசியிலிருந்து முதலைக் கழியுங்கள்” என்றார். பதினைந்து வந்தது. எங்கள் வயதும் அதுதான். வகுப்பில் சத்தமே இல்லை. மூன்றாம் படிவ முடிவில் வரும் பி.எம்.ஆர். அரசுத் தேர்வுக்கு எட்டு மாதம் படிப்பதையே யுகமாக நினைத்துப் புலம்பியவர்கள் நாங்கள்.

அதற்கடுத்து அவர் சொன்னதுதான் எனக்கு இன்றும் மறக்காதது. 1997 பயணத்தில், சூரியனின் வெளிமண்டலத்தை ஆராய்வதற்கான ஸ்பார்ட்டன் செயற்கைக்கோளைக் கல்பனா இயந்திரக் கையால் வெளியே விட்டார். அது இயங்கவில்லை. மறுபடி பிடிக்க முயன்றபோது சுழலத் தொடங்கிவிட்டது. சக வீரர்கள் இருவர் வெளியே சென்று, ஆயிரம் கிலோவுக்கும் மேற்பட்ட அந்தப் பொருளைக் கையுறை அணிந்த கைகளாலேயே பிடித்து நிறுத்தினார்கள். பழி கல்பனா மீது விழுந்தது. விசாரணையில், மென்பொருள் இணைப்பிலும், விண்ணோடக் குழுவும் தரைக்கட்டுப்பாடும் பின்பற்றிய நடைமுறைகளிலும்தான் கோளாறு என்று தெரிந்தது. அவர் மறுபடி பறந்தார். பறந்ததும் அதே கொலம்பியாவில்.

இதைக் கேட்டுத் தலையாட்டிய நான், நான்கே மாதத்தில் மாட்டிக்கொண்டேன்.

நான் தமிழ் மொழிக் கழகத் தலைவர். கலை விழாவுக்கு நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு 120 பொட்டலம், ஒன்று ஒரு வெள்ளி (ரிங்கிட்). ஏற்பாடு பொருளாளருடையது. விழாவுக்கு ஒரு வாரம் முந்திய சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அத்தனையும் சூடாக வந்து இறங்கின. பள்ளியில் காவலாளியும் காற்பந்துப் பயிற்சிக்கு வந்த இருபது பையன்களும்தான் இருந்தார்கள். கோயிலில் கொடுத்துவிடலாம் என்றால் ஒவ்வொன்றிலும் நெத்திலி! பஸ் நிறுத்தத்தில் நின்றவர்களுக்கெல்லாம் திணித்தோம். பொருளாளரை நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவன் அழுதே விட்டான்.

டீச்சர் திங்கட்கிழமை எங்கள் இருவரையும் சிற்றுண்டிச்சாலைப் பெஞ்சில் உட்காரவைத்தார். யார் செய்தது என்று கேட்கவேயில்லை. யார், யாரிடம், எந்தக் கிழமை, என்ன வார்த்தையில் சொன்னார்கள் என்று ஒரு நீல நோட்டில் எழுதச் சொன்னார். மூன்றாவது வரியிலேயே அகப்பட்டது. அந்தச் சனிக்கு முந்திய திங்கட்கிழமை நான் சொன்ன வார்த்தை: “அடுத்த சனி.” எனக்கு அது மறுவாரச் சனி. அவனுக்கு வருகிற சனி. டீச்சர் அந்த இரண்டு சொல்லையும் சிவப்பு மையில் வட்டமிட்டு நோட்டை என்னிடம் நீட்டினார். வேறொன்றும் சொல்லவில்லை. 120 வெள்ளியை அடைக்கக் கழகம் ஆண்டு முடிய கேக் விற்றது. அதில் பாதியை நானே வாங்கித் தின்றேன் என்பது வேறு கதை.

2006-இல் நான் கோலாலம்பூரில் படித்துக்கொண்டிருந்தேன். பதினோராயிரத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்த, மலேசியர் ஒருவரை விண்வெளிக்கு அனுப்பும் அங்காசவான் திட்டத்தின் இறுதி நால்வரில் வனஜா சிவசுப்பிரமணியம் பெயர் இருந்தது. தமிழ்ப் பெண், பொறியியலாளர். எங்கள் விடுதியில் பாயசம் வைக்காத குறைதான். கடைசிச் சுற்றில் அவர் இல்லை. 2007 அக்டோபர் 10 இரவு பைக்கோனூரிலிருந்து தேர்வான டாக்டர் ஷேக் முஸாபர் சோயுஸ் விண்கலத்தில் புறப்பட்டபோது டீச்சருக்குத் தொலைபேசினேன்.

“போனவரைப் பற்றி ஊரே எழுதும். நீ அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அனுப்பு” என்றார்.

சரி டீச்சர், அடுத்த வாரம் என்றேன். எந்தத் தேதி என்று கேட்டார். சொன்னேன். இன்றுவரை அனுப்பவில்லை. இந்த மலரின் ஒரு பிரதி அவர் வீட்டுக்கும் போகும் என்று செயலாளர் சொல்கிறார். திட்டு வருவது உறுதி.