நீலப் பெட்ரோலும் என் செயின் சாவும்

வட மிச்சிகனில் எங்கள் வீட்டின் பின்புறம் இருந்த ஆஷ் மரங்கள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போயின. 2002ஆம் ஆண்டு வட அமெரிக்காவில் முதன்முதலாக இதே மாநிலத்தின் டெட்ராய்ட் பகுதியில் அடையாளம் காணப்பட்ட பச்சை நிற வண்டின் புழுக்கள் பட்டைக்கு அடியில் குடைந்து தின்றதன் விளைவு அது. பட்ட மரத்தை வீட்டின் மேல் விழும்வரை விட்டுவைக்க முடியாது என்பதால் மரம் அறுக்கும் சங்கிலி ரம்பமான ஒரு 50 சிசி செயின் சா வாங்கினேன். முதல் ஆண்டு குறை சொல்ல இடமில்லாமல் ஓடிய அந்த மிஷின், குளிர்காலம் முழுவதும் கொட்டகையில் கிடந்துவிட்டு ஏப்ரலில் கயிற்றை எத்தனை முறை இழுத்தும் உயிர் பெறவில்லை. கார்புரேட்டரைக் கழற்றிப் பார்த்தபோது, துணிபோல் மெத்தென்று இருக்க வேண்டிய டயாபிரம் என்ற சவ்வு பொரிக்காத அப்பளம்போல் விறைத்திருந்தது.

காரணம் எத்தனால் என்ற ஆல்கஹால். இங்கே பங்க்குகளில் கிடைக்கும் சாதாரணப் பெட்ரோலில் பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால் கலந்திருக்கும். தினமும் ஓடும் காருக்கு அது பொருட்டல்ல. மாதக்கணக்கில் சும்மா கிடக்கும் சிறிய எஞ்சினில்தான் அது தன் வேலையைக் காட்டும். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி நீர் சேர்ந்துவிட்டால் போதும், எத்தனாலும் நீரும் ஒன்றாகப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். இதில் கவனிக்க வேண்டியது, எஞ்சின் உராய்ந்து தேயாமலிருக்க நாம் கலந்த 2டி ஆயில் மேலே நிற்கும் பெட்ரோலோடுதான் இருக்கும், உறிஞ்சும் ஃபில்டரோ எடை கட்டிய தூண்டில்போல் அடியில் கிடக்கும். எஞ்சின் ஸ்டார்ட் ஆனாலும் அது குடிப்பது எண்ணெய்ப்பசையே இல்லாத திரவம் என்பதால், பிஸ்டனில் கீறல் விழுவதற்குச் சில நிமிடங்களே போதும்.

இதைச் சொல்லிப் புலம்பியபோதுதான், சொந்தமாகச் சிறிய விமானம் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுப் பெரியவர், அருகிலுள்ள விமானத்தளத்தின் பங்க்கில் ஒரு கேன் நீலப் பெட்ரோல் பிடித்துக் கொடுத்தார். விமான எரிபொருள் என்றதும் ஜெட் விமானத்துக்கு ஊற்றுவதை நினைத்துவிடக் கூடாது. அது மண்ணெண்ணெய் இனத்தைச் சேர்ந்தது, செயின் சாவுக்கு ஆகாது. இவர் கொடுத்தது பிஸ்டன் எஞ்சின் விமானங்களுக்கான ஏவ்கேஸ், அதாவது 100எல்எல். வகை குழம்பாமல் இருப்பதற்காகவே அதற்கு நீலச் சாயம் ஏற்றுகிறார்கள். சிவப்பு 2டி ஆயிலை ஊற்றிக் குலுக்கியபோது கேனுக்குள் கத்தரிப்பூ நிறம் வந்தது.

அதன் குணங்களை மறுப்பதற்கில்லை. எத்தனால் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. கார் பெட்ரோல் முழுவதும் கொதித்து முடிவதற்கு 225 டிகிரி செல்சியஸ் வரை போகலாம் என்றால், ஏவ்கேஸ் 170 டிகிரிக்குள் முடிந்துவிட வேண்டும் என்பது விதி. கனமான பகுதிகள் குறைவு என்பதால் பிசின்போன்ற கசடு எளிதில் சேராது, நீண்ட நாள் கெடாமலும் இருக்கும். எவ்வளவு எளிதில் ஆவியாகும் என்பதைக் காட்டும் அதன் ஆவி அழுத்தம் 38 முதல் 49 கிலோபாஸ்கலுக்குள் கட்டுப்படுத்தப்பட்டது. குளிர்காலக் கார் பெட்ரோலில் இது 100ஐத் தொடலாம். வெயில் நாளில் சூடான மிஷினின் மூடியைத் திறக்கும்போது பெட்ரோல் பீறிட்டு மேலே தெறிக்கும் அபாயம் இதனால் குறைகிறது. ஆனால் அதே காரணத்தால் மைனஸ் 20 டிகிரியில் ஸ்டார்ட் ஆவதற்கு அது முரண்டு பிடித்தது. நவம்பரில் ஏவ்கேஸோடு வைத்த மிஷின், ஏப்ரலில் நான்காவது இழுப்பில் ஸ்டார்ட் ஆனது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

ஆக்டேன் அதிகம், அதனால் மிஷின் கூடுதல் பலத்தோடு அறுக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. கடையில் வாங்கிய செயின் சாவில் அப்படி எதுவும் நடக்காது. ஆக்டேன் என்பது பெட்ரோல் அகாலத்தில் வெடிக்காமல் தாக்குப்பிடிக்கும் திறனே தவிர, அதில் அடங்கிய சக்தியின் அளவு அல்ல. ஏவ்கேஸ் கார் பெட்ரோலைவிடச் சற்று எடை குறைந்தது, எத்தனாலும் அதில் இல்லை என்பதால், பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் கார்புரேட்டரின் திருகைப் பழைய இடத்திலேயே விட்டுவிடாமல், முழு வேகத்தில் சத்தத்தைக் கேட்டு மறுபடியும் சரிசெய்துகொள்ள வேண்டும்.

என் மனத்தை மாற்றியது ஸ்பார்க் பிளக். அந்தக் கோடையின் முடிவில் அதைக் கழற்றியபோது, நுனியைச் சுற்றிச் சாம்பல் நிறப் படிவும், பீங்கானின் ஓரத்தில் கடுகைவிடச் சிறிய சில மணிகளும் ஒட்டியிருந்தன. அவை ஈயம். 100எல்எல் என்ற பெயரிலுள்ள இரண்டு எல்களுக்கும் 'குறைந்த ஈயம்' என்று பொருள், ஆனால் அந்தக் குறைவு பழைய விமானப் பெட்ரோலோடு ஒப்பிட்டுச் சொன்னது. லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம். அதை வெளியேற்றுவதற்காகவே எத்திலீன் டைபுரோமைடு என்ற ரசாயனத்தைச் சேர்க்கிறார்கள் என்றாலும், அது நன்கு சூடேறிய எஞ்சினில்தான் ஒழுங்காக வேலை செய்யும். அரை லிட்டர் டேங்க் ஒன்றைத் தீர்த்தால் உச்சவரம்புப்படி கால் கிராமுக்கும் மேல் ஈயம். விமானம் அதை வானத்தில் விட்டுச் செல்கிறது, செயின் சாவின் சைலன்சரோ என் முகத்திலிருந்து ஒரு கை தூரத்தில் இருக்கிறது. அந்தப் புகை படிந்த சட்டையோடுதான் நான் வீட்டுக்குள் போய் மகளைத் தூக்கியிருக்கிறேன். பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு அதை நினைத்தபோது உண்மையிலேயே வயிற்றைக் கலக்கியது.

சாலையில் ஓடும் வாகனங்களுக்கு ஈயம் கலந்த பெட்ரோலை அமெரிக்கா 1996லேயே தடைசெய்துவிட்டது. விமானத் துறையும் 2030க்குள் அதைக் கைவிடுவதென்று இலக்கு வைத்துத் தடுமாறிக்கொண்டிருக்கிறது. அவர்களே விட்டுவிட நினைக்கும் ஒன்றை நான் விறகு அறுப்பதற்காகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

உண்மையில் எனக்குத் தேவைப்பட்டது ஏவ்கேஸின் நல்ல பாதி மட்டுமே. அந்தப் பாதிக்கு ஆல்கைலேட் என்று பெயர். சுத்திகரிப்பு ஆலையில் இலகுவான வாயுக்களை இணைத்து உருவாக்கும் இந்தத் தூய திரவம்தான் ஏவ்கேஸின் பெரும்பகுதி. ஈயம் சேர்க்காமல் இதையே செயின் சாவுக்கான பெட்ரோலாகச் சுவீடனில் பல ஆண்டுகளாக விற்கிறார்கள், மரம் வெட்டும் தொழிலாளர்கள் நாள் முழுவதும் புகையை மூச்சில் இழுக்கிறார்கள் என்பதே அதற்குக் காரணம். இங்கேயும் எண்ணெய் கலந்தே டப்பாக்களில் கிடைக்கிறது. விலை பங்க் பெட்ரோலைப்போலப் பல மடங்கு என்பதால், அறுக்கும் பருவத்தில் எத்தனால் கலக்காத பெட்ரோலையும், கொட்டகையில் வைக்கும் முன் கடைசி டேங்குக்கு மட்டும் டப்பாவையும் பயன்படுத்துகிறேன்.

கோத்தகிரியில் களைவெட்டும் மிஷின் வைத்திருக்கும் என் மாமா, இந்தியாவில் 20 சதவீத எத்தனால் வந்த பிறகு இதே தொல்லையைச் சொல்லி, விமானப் பெட்ரோல் கிடைக்குமா என்று போனில் கேட்டார். இந்தியன் ஆயில் 2022இல் வதோதரா ஆலையில் ஏவ்கேஸ் தயாரிக்கத் தொடங்கியது என்பதை அவர் எங்கோ படித்திருக்கிறார். "அது வேண்டாம் மாமா, வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்துவிட்டு, தானாக நிற்கும்வரை ஓடவிட்டு வையுங்கள்" என்றேன். "இதற்கு அமெரிக்கா வரைக்கும் போன் போட வேண்டுமா மாப்பிள்ளை, நம் மெக்கானிக் அதைத்தான் சொன்னான்" என்று சிரித்தார்.